யானைக்கு முடி வைத்த ஊர்

பெங்களூரில் என் அலுவலகத்தில் மலையாள சினிமாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பேன். முதல் மலையாளப் பேசும்படத்தை எடுத்த கம்பெனி எந்த ஊர்? கொச்சி என்பார்கள். திருவனந்தபுரம் என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் மெட்ராஸ் என்பார்கள். சேலம் என்று சொன்னதும் ஒருமாதிரி பார்த்துவிட்டு போனை எடுத்துத் தேடுவார்கள். 1938-ல் வந்த ‘பாலன்’. தயாரிப்பு டி.ஆர்.சுந்தரம், மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம். அதோடு விடமாட்டேன். முதல் மலையாள வண்ணப்படம்? 1961-ல் வந்த ‘கண்டம் பெச்ச கோட்டு’. அதே கம்பெனி. இயக்கமும் சுந்தரமே. “அப்ப நியாயமா ஃபகத் ஃபாசில் படத்துக்கெல்லாம் எங்க ஊருக்கு ஒரு ராயல்டி வரணும்” என்று முடிப்பேன்.

இந்த ஜோக் என்னுடையது அல்ல. ‘போர்’ என்று நாங்கள் கூப்பிடுகிற நண்பனுடையது. திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறான். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என்று பூமியைத் துளைத்துக்கொண்டே போகிற குடும்பம். பெயர்தான் போரே தவிர எங்கள் நால்வரில் அவன் ஒருவன்தான் போரடிக்காதவன்.

‘பாலன்’ படத்தின் சுருள் இன்று இல்லை. சில புகைப்படங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். பார்க்க முடியாத படத்தைப் பற்றி நாலு பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பேச முடியுமா என்று கேட்பீர்கள். எங்களால் முடியும். அதற்கான பயிற்சியை எங்களுக்குக் கொடுத்தது நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்று.

அந்த வகைப் பள்ளிகளுக்கு வெளியே ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர். கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்துகொண்டு இந்தப் பெயரை வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கூண்டு, தீனி, அணையாத விளக்கு, மாதா மாதம் எடை பார்ப்பது என்று எல்லாமே பொருந்தும். காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள், இரவு பதினொன்றுக்கு விளக்கணைப்பார்கள். நடுவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், டெஸ்ட். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். டிவி கிடையாது, செல்போன் கிடையாது. பெட்டிக்குள் சினிமாப் பத்திரிகைக் கிழிசல் அகப்பட்டால் வீட்டுக்குப் போன் போகும். 2006-ல் அங்கே நான் சேர்ந்தபோது தமிழ்நாட்டில் என்ன படம் ஓடுகிறது என்பதே எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே விளக்கணைத்த பிறகு படம் சொல்வோம். படம் பார்ப்பது எல்லோருக்கும் வரும். படம் சொல்வது வேறு வித்தை. பின்னணி இசையும் வாயிலேயே போட வேண்டும். வார்டன் நடக்கிற சத்தம் கேட்டால் அந்த இடத்தில் இடைவேளை விட வேண்டும். கேட்கிறவன் லாஜிக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே அந்தப் படத்தைப் பார்த்தவன் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், ‘அப்படி இல்லடா’ என்று திருத்தக் கூடாது. திருத்தியவனுக்கு அடுத்த நாள் படம் கிடையாது.

இதில் மன்னன் ‘முட்டை’. அப்பாவுக்குக் கோழிப்பண்ணை என்பதால் அந்தப் பெயர். டெஸ்டிலும் அடிக்கடி அதையே வாங்கினான். அவன் ‘ஜகன்மோகினி’யை மூன்று ராத்திரி சொன்னான். 1978-ல் விட்டலாச்சாரியா எடுத்த படம். பேய் அடுப்புக்குள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி வைத்துச் சமைக்குமே, அந்தக் காட்சி மட்டும் ஒரு ராத்திரி ஓடியது. கால் எரிகிற வாசனை எப்படி இருந்தது என்பதில் இருந்து குழம்பு கொதிக்கிற சத்தம் வரை சொன்னான். விடுதியின் தண்ணிச் சாம்பாரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்த நாங்கள் பேயின் சமையலைக் கேட்டு எச்சில் விழுங்கினோம். பல வருடம் கழித்து யூடியூபில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தக் காட்சி கொஞ்ச நேரம்தான் வருகிறது. முட்டையிடம் சொன்னேன். “எனக்கென்ன தெரியும், நானே அந்தப் படத்தப் பாக்கல. எங்க அத்தை சொல்லுச்சு” என்றான்.

இப்போது எங்களுக்கு முப்பத்தைந்து ஆகப்போகிறது. நான் கோடு எழுதுகிறேன். முட்டை பண்ணையைப் பார்க்கிறான், தினமும் முட்டை விலை பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவான். போர் ஊரில் இருந்தால் உண்டு. நாலாவது ஆள் ‘டேங்கர்’. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை அவனுடையது, கேஸ் டேங்கரும் அங்கே நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் பெங்களூரில் இருந்து வந்ததும் அவன் பட்டறையில் கூடுவோம். சேலத்தில் இருந்து தட்டுவடை செட் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போவது என் பொறுப்பு. வெங்காயமும் பீட்ரூட்டும் நமுத்துப்போன தட்டுவடையை அவர்கள் திட்டிக்கொண்டே தின்பார்கள்.

முதல் தடவை வாடகை புரொஜெக்டர் கொண்டுபோயிருந்தேன். திரை இல்லை. புதிதாக வெள்ளை அடித்த டேங்கர் ஒன்று நின்றிருந்தது. அதன் மேலேயே ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஓட்டினோம். உருளையின் வளைவில் எம்.ஜி.ஆருக்கு நடு உடம்பு வீங்கியும் தலையும் காலும் சுருங்கியும் வந்தது. பானுமதி பக்கவாட்டில் நடந்தபோது டேங்கரைச் சுற்றிப் பின்னால் போய்விட்டார். போர் எழுந்து போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அந்தப் பக்கம் வரலடா” என்றான். அதற்குப் பிறகு தார்ப்பாய்க்காரர் ஒருவரிடம் வெள்ளைத் துணி தைத்து வாங்கினோம். ஆனால் எனக்கு இன்னும் அந்த டேங்கர் அலிபாபாதான் பிடிக்கும்.

1956-ல் வந்த அந்தப் படம்தான் தமிழில் முழுநீள முதல் வண்ணப்படம். அண்ணன் காசிம் குகைக்குள் போய்த் தங்கத்தைப் பார்த்த மயக்கத்தில் கதவைத் திறக்கிற வார்த்தையை மறந்துவிடுகிறான், உயிர் போகிறது. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்கிற பட்டன் இல்லாத சிஸ்டம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு என் டீமில் நான் தரும் உதாரணம் இதுதான். காசிமாக நடித்தவர் எம்.ஜி.சக்கரபாணி, எம்.ஜி.ஆரின் சொந்த அண்ணன். “நெசத்துலயே அண்ணந்தான், அதனால ஆக்டிங்கு தனிச் சம்பளம் கேட்டிருக்க மாட்டாரு” என்றான் முட்டை.

சுந்தரம் யாருக்குச் சொந்தம் என்பதில் எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. டி.ஆர். என்பதில் ‘டி’ திருச்செங்கோடு. 1907-ல் பிறந்தவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டைல் படித்துவிட்டுத் திரும்பி வந்து 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1997-ல் சேலத்தில் இருந்து நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது திருச்செங்கோடு அந்தப் பக்கம் போய்விட்டது. “ஆளு எங்களுது, கம்பெனி உங்களுது. பாகம் பிரிச்சாச்சு, போ” என்பான் போர். ஏற்காடு சாலையில் இன்று அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள். “அப்ப எங்க பங்குக்கு வெறும் ஆர்ச்சா?” என்று நான் கேட்பேன். அந்த வளைவின் முன்னால் ஏற்காடு போகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அந்த ஒரு காம்பவுண்டுக்குள் எடுத்தார்கள். தளம், லேப், ஒலிப்பதிவு எல்லாம் ஒரே இடத்தில். ஆட்களுக்கு மாதச் சம்பளம். சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றிச் சேலத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அலிபாபா கடைசிக் கட்டத்தில் எம்.ஜி.ஆர். வரத் தாமதமானதால் டூப்பை வைத்தே படத்தை முடித்துவிட்டார் என்பது அதில் பிரபலமானது. உண்மையோ இல்லையோ, ஊருக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது. டெக்ஸ்டைல் படித்தவர் மில் ஷிப்டைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். ஏற்காட்டு அடிவாரத்தில் சங்கு ஊதாத ஒரு மில்.

மில்லில் ஓடுகிற துணி எல்லாம் பட்டாக இருக்காது. இந்தக் கம்பெனியின் பட்டுகளை எல்லோருக்கும் தெரியும். ‘மந்திரி குமாரி’யைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நாங்கள் தேடிப் பார்ப்பது மற்றவற்றை. ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’ (1947) என்று ஒரு படம். இளவரசி கேள்வி கேட்பாள். பதில் தெரியாத இளவரசனின் தலை போகும். போர் பாதிப் படத்தில் என் பக்கம் திரும்பி, “ஐடி, உங்க கம்பெனி இன்டர்வியூ மாதிரியே இருக்குதுடா. இங்கயாவது தலையோட முடிஞ்சுது, அங்க அஞ்சு ரவுண்டு” என்றான். அந்த இளவரசி வி.என்.ஜானகி. 1988-ல் சில வாரங்கள் முதலமைச்சராக இருந்தவர். கருணாநிதி, எம்.ஜி.ஆர். இருவரும் இங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரே ஸ்டூடியோவுக்குள் மூன்று முதலமைச்சர்கள் நடமாடியிருக்கிறார்கள், அந்த வளைவுக்குள் இன்று ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

‘திகம்பர சாமியார்’ (1950) இன்னொன்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். நம்பியார்தான் நாயகன். பிற்காலத்தில் கையைப் பிசைந்தே வில்லத்தனம் செய்தவர், இதில் நல்லவர், துப்பறிகிறவர், மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போடுகிறார். திகம்பரம் என்றால் ஆடை இல்லாமை. “பேருதான் அப்படி. மனுசன் படம் முழுக்கத் துணி மாத்திக்கிட்டே இருக்கறாரு” என்று முட்டை சொன்னதும் டேங்கர் வழக்கமான தன் மெல்லிய குரலில், “அவ்ளோத்தையும் ஒருத்தரு தெச்சிருக்கோணுமில்ல” என்றான். அன்று அதை யாரும் கவனிக்கவில்லை.

எழுபதுகளில் வந்த ஜெய்சங்கர் படங்களும் இதே கம்பெனியில் உண்டு. ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) மாதிரி. பல்பு எரிந்து எரிந்து அணையும் வில்லனின் அறை, பொத்தானை அழுத்தினால் நகரும் சுவர். எங்கள் சர்வர் அறையைவிட அது பார்க்க நம்பிக்கையாக இருக்கிறது.

இதையெல்லாம் மொக்கைப் படம் என்று வெட்டி முப்பது நொடித் துண்டுகளாகப் போட்டுச் சிரிக்கிற வழக்கம் இன்று நிறைய இருக்கிறது. நானும் பார்க்கிறேன், சிரிக்கிறேன். ஆனால் போருக்கு ஒரு கொள்கை: “மொக்கைன்னு சொல்றதுக்கும் ஒரு தகுதி வேணும். முழுசாப் பாத்திருக்கணும்.” ஆகவே எவ்வளவு இழுத்தாலும் நாங்கள் ஓட்டிவிட மாட்டோம். நடுவில் பாட்டு வந்தால் தட்டுவடை. அப்படி முழுதாக உட்கார்ந்தால் கேலி மெல்ல வேறு ஒன்றாக மாறிவிடும். அந்த அட்டைச் சுவரை யார் வரைந்திருப்பார்கள், அந்தக் குதிரை எந்த ஊரில் இருந்து வந்திருக்கும், பின்னால் ஈட்டி பிடித்து நிற்கும் அந்த மூன்றாவது ஆள் ஏன் கேமராவைப் பார்க்கிறான் என்று பேச்சு போகும். இரண்டு மணி நேரப் படத்தில் கதாநாயகனைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம்.

இப்படித்தான் ‘தி ஜங்கிள்’ எங்களிடம் வந்து சேர்ந்தது.

1952-ல் ஹாலிவுட்டின் லிப்பர்ட் பிக்சர்ஸும் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து எடுத்த ஆங்கிலப் படம். இயக்கம் வில்லியம் பெர்க். தமிழில் ‘காடு’ என்று வந்தது. நடிகர்கள் ராட் கேமரூன், மேரி வின்ட்சர், சீஸர் ரொமேரோ. இந்த ரொமேரோதான் 1966-ல் வந்த பேட்மேன் டிவி தொடரில் ஜோக்கர். ஹீத் லெட்ஜருக்கும் வாக்கின் பீனிக்ஸுக்கும் முன்னால் ஜோக்கராக இருந்த மனிதர் எங்கள் ஊர்க் கம்பெனியின் படத்தில் தலைப்பாகையோடு வருகிறார். மேரி வின்ட்சர் இந்திய இளவரசி. காட்டில் யானைகள் மிரண்டு ஊர்களை மிதிக்கின்றன. ஏன் மிரள்கின்றன? வேட்டைக்காரர் ஒரு காரணம் சொல்கிறார், யாரும் நம்ப மறுக்கிறார்கள். காரணம், மாமூத். பனி யுகத்தில் அழிந்துபோன, உடம்பெல்லாம் முடி வளர்ந்த யானை. அது தென்னிந்தியக் காட்டில் இன்னும் இருக்கிறதாம்.

கிராபிக்ஸ் இல்லாத காலம். நம் ஊர் யானைக்கே உடம்பெல்லாம் சடையைப் போர்த்தி மாமூத் ஆக்கிவிட்டார்கள். படம் முடியப்போகிற நேரத்தில்தான் அவை வருகின்றன. அதுவரைக்கும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் அரைத்தூக்கத்தில் இருந்தபோது திரையில் அந்த யானை வந்தது. காது ஓரத்தில் சடை தொங்க, தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத முகத்தோடு. முட்டை கீழே விழுந்து புரண்டு சிரித்தான். போர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டேங்கர் சொன்னான்: “அந்த முடி எங்க அப்புச்சி தெச்சது.”

அப்புச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவர். மாடர்ன் தியேட்டர்ஸில் தையல் பிரிவில் இருந்தவர் என்று அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான். யானை விஷயத்தைச் சொன்னதில்லை. முட்டை எழுந்து உட்கார்ந்து கேட்டான்:

“உங்க அப்புச்சி யானைக்கு மயிர் வெச்சாராடா?”

அந்த நேரத்தில் அதைவிட நல்ல வரியை யாராலும் சொல்ல முடியாது. டேங்கரும் சிரித்தான். விடியும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னோம். பெரிய மயிரா, சின்ன மயிரா, அளவெடுத்தாரா, டிரையல் பார்த்தாரா, கூலி முழத்துக்கா, யானைக்கா. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் டேங்கரின் பெயரை முட்டை ‘மயிர் மாஸ்டர்’ என்று மாற்றி வைத்தான்.

அதற்கடுத்த சனிக்கிழமைக்கு டேங்கர் வரமுடியாது என்றான். இரண்டு வண்டி டெலிவரி இருக்கிறதாம். அதற்கடுத்த தடவை பட்டறையில் பெயின்ட் வேலை. குழுவில் எதற்கும் பதில் இல்லை, குட்மார்னிங் படம்கூட இல்லை. பதினேழு வருடச் சிநேகிதத்தில் அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் என்று அவனும் சொல்லவில்லை. நான் போனில் கேட்டதற்கு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல ஐடி. அவரு சாகற வரைக்கும் வீட்ல அதயே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஒருத்தரும் நம்பல. எங்க மாமனுங்களே சிரிப்பாங்க. எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு” என்றான். பிறகு டேங்கர் தகட்டின் விலையைப் பற்றிப் பேசினான்.

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஒரு மனிதர் வாழ்நாளில் செய்த வேலையில் ஊர் உலகத்துக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று அமைந்திருக்கிறது. அது யானைக்குச் சடை தைத்தது. அதைச் சொன்னாலே சிரிப்பு வரும், அது அவருக்கே தெரிந்திருக்கும். சிரிக்காமல் கேட்பதும் ஒருவகையில் பொய்தான். என்ன செய்வது? பணப்பட்டுவாடா ஆப்பில் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று பச்சை டிக் வருமே, அந்த டிக் சுழல்கிற அனிமேஷனை மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்தவன் நான். என் மகள் அதைப் பற்றி அவள் சிநேகிதர்களிடம் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

இதைச் சரிசெய்தது நானல்ல, முட்டை. அவன் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று அட்டை முட்டையைத் தூக்கிக்கொண்டு கன்னங்குறிச்சிக்குப் போய்விட்டான். அங்கே டேங்கரின் மாமன் வீட்டில் அமுச்சி இருக்கிறார், அப்புச்சியின் மனைவி. வயது எண்பத்தைந்துக்கு மேல். காது நன்றாகக் கேட்கும். கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. முட்டை போய் உட்கார்ந்து, “அமுச்சி, அந்த யானைக் கதையச் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறான். ராத்திரி எனக்குப் போன் வந்தது.

“ஐடி, அமுச்சி படம் சொல்லுதுடா. நாமெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

அமுச்சி அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. படம் வந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் கல்யாணம். ஐம்பது வருடம் புருஷன் சொல்லக் கேட்டதுதான். ஆனால் முட்டையிடம் முழுப் படத்தையும் சொல்லியிருக்கிறார். யானைக்கு முதல் நாள் தைத்த சடையை அது தும்பிக்கையால் பிய்த்துப் பக்கத்து யானைக்குக் கொடுத்துவிட்டது. மறுநாள் சாக்குத் தைக்கிற ஊசியோடு ஏணியில் ஏறி, யானை நிற்கும்போதே தைத்தார். பாகன் திட்டினான். பிறகு அந்தப் பாகனே வாழைப்பழம் கொடுத்து யானையை அசையாமல் பிடித்துக்கொண்டான். வெள்ளைக்கார இளவரசி தினமும் காலையில் யானைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பாள். கடைசியில் பெரிய மழை, அந்த மழையில் நாற்பது யானை ஒரே வரிசையாக மலை ஏறிப் போகும், சடையெல்லாம் நனைந்து. ஊர் ஜனம் மலையடிவாரத்தில் நின்று கையெடுத்துக் கும்பிடும்.

“நாப்பது யானை எங்கடா இருக்குது அந்தப் படத்துல?” என்றேன்.

“திருத்தாத” என்றான் முட்டை.

அடுத்த மாதம் நால்வரும் கன்னங்குறிச்சியில் இருந்தோம். டேங்கரை முட்டை எப்படிக் கூட்டிவந்தான் என்று இருவருமே சொல்லவில்லை. குழுவில் அவன் பெயர் பழையபடி மாறியிருந்தது. லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்து அமுச்சியைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தோம். ஆங்கிலப் படம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது இவர் இப்படிச் சொல்கிறார், அந்தம்மா அப்படிச் சொல்கிறார் என்று மொழிபெயர்க்கத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில், “நீ சும்மா இரு கண்ணு. எனக்குக் கதை தெரியும்” என்றார்.

அவர்கள் நடந்தார்கள், நடந்தார்கள். அமுச்சி தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை, படத்தை ஓட்டவும் இல்லை. போரின் கொள்கை. மாமன் வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு இதென்ன செபியா கலரில் ஒரு படம் என்று போய்விட்டன. யானை வரப்போகிற நேரத்தில் டேங்கர் அவர் தோளைத் தொட்டான்.

“அமுச்சி. வருது பாருங்க.”

வந்தது. அதே முகம். அதே சடை. நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தோம். முட்டை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தானோ என்னவோ. அமுச்சி கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இத்தனதானா?”

“ஆமாங்க அமுச்சி.”

“வேர்த்துப்போயிருக்குமே பாவம். நம்ம வெயிலுக்கு இதப் போட்டா.” பிறகு முன்னால் குனிந்து, “அந்த நடு முதுகுல இழுக்குது பாரு. தையல் போட்ட எடம். பிரியாம நிக்குது” என்றார்.

டேங்கர் நிறுத்திப் பின்னால் கொண்டுபோய் மறுபடி ஓட்டினான். மூன்றாவது தடவை முட்டை அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். அமுச்சியும் சிரித்தார், பொக்கைவாய் தெரிய. “சிரிப்புத்தாங் கண்ணு. யானையப் போயி செம்மறியாடு பண்ணிப்புட்டாங்க. அவருமே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.” டேங்கர் அவரைத் திரும்பிப் பார்த்தான். அப்புச்சி சிரித்தது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது.

யானைகள் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் படம் இருந்தது. சீஸர் ரொமேரோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“யானை போயிருச்சில்ல? நிறுத்திப்போடு” என்றார் அமுச்சி. “மழை இதுல இல்ல. மிச்சத்த நாஞ் சொல்றேன்.”